ஒரு பொருள், பல வகைகள்: தேடல் படிவத்தில் மறைந்திருக்கும் மெய்யியல்

ஓர் இணையதளத்தின் தேடல் படிவத்தில் வகைகளை எவ்வாறு தெரிவு செய்ய விடுவது என்பது, நிரலாளரும் வடிவமைப்பாளரும் தமக்குள் பேசி முடித்துக்கொள்ளும் சிறிய தொழில்நுட்பக் கேள்வியாகவே முதற்பார்வைக்குத் தோன்றும். ஒரே ஒரு வகையை மட்டும் தெரிந்தெடுக்க இடம் தரும் பட்டியலை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வகைக்கும் எதிரே ஒரு தேர்வுப்பெட்டியை வைத்து, தேடுபவர் வேண்டிய அளவு பெட்டிகளில் குறியிட வழிசெய்யும் ஏற்பாடு பல்தெரிவு வடிகட்டி எனப்படுகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்பவர், அறிந்தோ அறியாமலோ, மெய்யியலாளர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டுவரும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லிவிடுகிறார்: ஒரு பொருள் ஒரே நேரத்தில் பல வகைகளைச் சார்ந்திருக்குமா; வகை பொருளிலேயே உறைகிறதா, அல்லது தேடுபவரின் நோக்கிலிருந்து பிறக்கிறதா; தேடியும் கிடைக்காத ஒன்றை இல்லாதது என்று முடிவுகட்டலாமா. இம்மூன்றும் வெவ்வேறு கேள்விகளாகத் தோன்றினாலும், வகைப்படுத்துபவர் ஏற்கவேண்டிய பொறுப்பு எது என்ற ஒரே கேள்வியில் சென்று சேர்கின்றன.

தமிழ் நூல்களுக்கான ஒரு மின்னூலகத்தில் திருமந்திரத்தை எங்கே வைப்பது என்று எண்ணிப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை ஒன்பது தந்திரங்களாகப் பகுத்துக்கொண்ட அந்நூல் பத்தாம் திருமுறையாகச் சைவர்களால் போற்றப்படுகிறது. அதன் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்புகளைக் கொண்ட யோகத்தை விரித்துரைக்கிறது. நான்காம் தந்திரம் மந்திரங்களையும் சக்கரங்களையும் பேசுகிறது. உடலைப் பற்றிய அதன் கருத்துகளுக்காகச் சித்த மருத்துவம் பயில்வோரும் அதை நாடுகின்றனர். ஒரே வகையைத்தான் தரமுடியும் என்றால், சைவம் என்று குறித்தவுடன் யோகத்தைத் தேடுபவருக்கு அந்நூல் மறைந்துவிடும். யோகம் என்று குறித்தால் பக்தி இலக்கியத்தைத் தேடுபவர் அதைக் காணமாட்டார். நூலில் எந்த மாற்றமும் நிகழவில்லை என்றாலும், அதைச் சென்றடையும் வழிகளில் ஒன்றைத் தவிர மற்றவை அடைபட்டுவிடுகின்றன.

இந்த அடைப்புக்குத் தரவுத்தளத்தின் அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. நூல்களின் அட்டவணையில் வகைக்கென ஒரு பத்தியை ஒதுக்கினால், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வகையே அங்கு இடம்பெறும். பல வகைகளை முறையாகப் பதியவேண்டுமானால், நூல்களுக்கு ஓர் அட்டவணையும் வகைகளுக்கு ஓர் அட்டவணையும் வைத்து, இவ்விரண்டையும் பிணைக்க மூன்றாவதாக ஓர் இணைப்பு அட்டவணையை ஏற்படுத்த வேண்டும். அதன் ஒவ்வொரு வரியும் இந்த நூலுக்கும் இந்த வகைக்கும் தொடர்பு உண்டு என்ற ஒரேயொரு செய்தியை மட்டுமே சொல்லும். இம்மாற்றத்தின் மெய்யியல் பொருள் ஆழமானது. வகை என்பது பொருளுக்குள் பொதிந்து கிடக்கும் பண்பாக இருந்த நிலை நீங்கி, பொருளுக்கும் வகைக்கும் இடையிலான உறவு தனக்கென ஓர் இருப்பைப் பெற்றுவிடுகிறது.

மேலைச் சிந்தனையில் வகைப்பாட்டின் பழைய வடிவம் மரத்தின் வடிவமாகும். அரிஸ்டாட்டில் பத்துப் பதார்த்தங்களை வகுத்துக் காட்டினார், கி.பி. மூன்றாம் நூற்றாண்டினரான போர்பிரி அவருடைய தருக்கத்துக்கு எழுதிய அறிமுக நூலிலிருந்து, பேரினம் சிற்றினங்களாகக் கிளைத்துச் செல்லும் மரம் என்ற கருத்து வளர்ந்து, இடைக்காலக் கல்வி முழுவதிலும் பரவியது. அந்த மரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு, ஓரிடம் மட்டுமே உண்டு. 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறையும் அறிவு முழுவதையும் பத்துப் பெரும் வகுப்புகளாகவும், அவற்றை மீண்டும் பத்துப் பத்தாகவும் பிரித்து இம்மரபையே நூலகத்துக்குள் கொண்டுவந்தது. அலமாரியில் ஒரு படி ஓரிடத்தில்தான் நிற்கமுடியும் என்பதால், நூலகருக்கு அது தவிர்க்கமுடியாத தேவையாகவும் இருந்தது.

ஆனால் ஓரிடத்தை மட்டும் தரவேண்டிய கட்டாயம் ஏற்படும்போது, எந்த இடம் முதன்மையானது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் அவருடைய உலகமும் சேர்ந்தே நுழைந்துவிடுகிறது. டூயி முறையில் சமயத்துக்கு ஒதுக்கப்பட்ட 200ஆம் வகுப்பில், 220 முதல் 280 வரையிலான பிரிவுகள் விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் உரியவையாக அமைந்தன. உலகின் ஏனைய சமயங்கள் யாவும் 290 என்ற ஒரே பிரிவுக்குள் அடக்கப்பட்டன. இந்து சமயம், பௌத்தம், சமணம், சீக்கியம் ஆகியவை அப்பிரிவிலும் 294 என்னும் ஒரு கிளையைப் பங்கிட்டுக்கொண்டன. யாரையும் இழிவுபடுத்தும் எண்ணம் இதற்குத் தேவைப்படவில்லை. மரத்தை வரைந்தவர் நின்ற இடத்திலிருந்து அருகில் உள்ளவை பெரிதாகவும் தொலைவில் உள்ளவை சிறிதாகவும் தெரிந்தன என்பதே போதுமானதாக இருந்தது.

இந்திய மரபில் வகைப்பாட்டைப் பெருங்கண்டிப்புடன் ஆராய்ந்தது வைசேடிகமாகும். கணாதரின் சூத்திரங்களை மூலமாகக் கொண்ட அந்தத் தரிசனம், உள்ளவை அனைத்தையும் திரவியம் என்னும் பொருள், குணம், கர்மம் என்னும் அசைவு, சாமானியம் என்னும் பொதுமை, விசேடம் என்னும் தனித்தன்மை, சமவாயம் என்னும் பிரிக்கமுடியாத இயைபு ஆகிய ஆறு பதார்த்தங்களில் அடக்கியது. அபாவம் என்னும் இன்மையைப் பிற்காலத்தார் ஏழாவதாகச் சேர்த்தனர். பொருளுக்கும் அதன் பொதுமைக்கும் இடையிலான இயைபைத் தனியொரு பதார்த்தமாக வைசேடிகர் எண்ணியது, மேலே கூறிய இணைப்பு அட்டவணையோடு ஒப்புநோக்கத் தக்கது. வேறுபாடும் உண்டு: சமவாயம் நிலையானது, ஒருவர் விருப்பப்படி அமைவதன்று, இணைப்பு அட்டவணையின் வரியையோ பதிவாளர் இன்று சேர்த்து நாளை நீக்கலாம். ஆகவே தேடல் படிவத்தில் காணப்படும் வகை, பொருளின் இயல்பாக உறையும் பொதுமை என்னும் தகுதியைக் கோரமுடியாது.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த தருக்க ஆசிரியர் உதயணர் இந்த இடத்தில் கூர்மையான ஒரு வரையறையைத் தந்தார். பல பொருள்களில் ஒன்றாகவும் நிலையாகவும் உறையும் உண்மையான பொதுமை தருக்க நூல்களில் சாதி எனப்படும். ஒரு பண்பு சாதியாவதைத் தடுக்கும் ஆறு தடைகளை அவர் எண்ணிக் காட்டினார். அவற்றுள் ஒன்று சங்கரம் என்னும் கலப்பு. ஒன்றில்லாத இடத்தில் மற்றதும், மற்றதில்லாத இடத்தில் ஒன்றுமாகத் தனித்தனியே காணப்படும் இரண்டு பண்புகள், ஓரிடத்தில் சேர்ந்தும் காணப்பட்டால் அது கலப்பாகும். பூதமாயிருத்தல், மூர்த்தமாயிருத்தல் ஆகிய இரண்டும் இதற்கு வழங்கும் எடுத்துக்காட்டு. மூர்த்தம் என்பது அளவுக்கு உட்பட்டு அசையக்கூடியது. நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் பூதமாகவும் மூர்த்தமாகவும் இருக்கின்றன. ஆகாயம் பூதமே அன்றி மூர்த்தம் அன்று. மனம் மூர்த்தமே அன்றிப் பூதம் அன்று. இவ்வாறு குறுக்கே வெட்டிக்கொள்ளும் பண்புகள் சாதியாகா என்றும், அவை உபாதி எனப்படும் சார்த்திக் கூறப்படும் பண்புகளே என்றும் அவருடைய மரபு கொண்டது.

இதன் விளைவைத் தொடர்ந்து சிந்தித்தால், உண்மையான இரண்டு பொதுமைகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்க வேண்டும், அல்லது முற்றிலும் விலகியிருக்க வேண்டும் என்ற முடிவு கிடைக்கும். மரவடிவ வகைப்பாட்டின் இலக்கணமும் இதுவே. யோகமாயிருந்து மருத்துவமல்லாத நூல்கள், மருத்துவமாயிருந்து யோகமல்லாத நூல்கள், இரண்டுமான நூல்கள் ஆகிய மூன்றும் இருப்பதால், உதயணரின் அளவுகோலில் யோகநூல், மருத்துவநூல் என்னும் வகைகள் உபாதிகளே ஆகின்றன. நவ்விய நியாயம் என்னும் பிற்காலத் தருக்கப் பள்ளியின் ஆசிரியர் சிலர் கலப்பை ஒரு தடையாகவே ஏற்கவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. எப்பக்கம் நின்றாலும் வடிகட்டிக்கு அதனால் இழப்பில்லை. உபாதி பொய்யன்று, அறிவுக்கும் வழக்குக்கும் பயன்படுவது அது. தேடல் படிவத்தின் வகைகள் தேடலுக்குத் துணைசெய்யும் உபாதிகள் என்று ஒப்புக்கொண்டால், கலப்பு குற்றமாவதை விடுத்து அவற்றின் பயனாகவே ஆகிவிடுகிறது.

இக்கலப்பை முறைப்படுத்திய அறிஞர் தமிழ்நாட்டில் தோன்றினார். 1892இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஆயத்தமாக வரையப்பட்ட மரத்தில் நூலுக்கு ஓரிடம் தேடித் தருவதற்குப் பதிலாக, நூலின் பொருளைப் பல முகங்களாகப் பகுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் உரிய குறியீட்டைக் கண்டு, அவற்றை நிறுத்தக்குறிகளால் கோத்து, நூலின் எண்ணை உருவாக்குவதே அவர் காட்டிய வழி. முகம் என்பது ஒரு பொருளை நோக்கும் ஒரு கோணம். மொழி ஒரு முகம், காலம் ஒரு முகம், துறை ஒரு முகம். எல்லாத் துறைகளிலும் காணப்படும் முகங்களை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைகளுக்குள் அவர் பின்னர் அடக்கினார். இன்றைய இணைய நூலகங்களும் கடைகளும் தேடல் பக்கத்தின் ஓரத்தில் அடுக்கிவைக்கும் வடிகட்டிகள் இந்த முகப்பகுப்பின் வழியிலேயே நடக்கின்றன.

முகப்பகுப்பின் மெய்யியல் சிறப்பு, கலப்பு எங்கே நிகழலாம், எங்கே நிகழலாகாது என்பதை அது பிரித்தறிந்ததில் உள்ளது. பல வகைகள் ஒரே பட்டியலில் முறையின்றிக் கொட்டப்பட்டிருந்தால், சைவம், பன்னிரண்டாம் நூற்றாண்டு, ஓலைச்சுவடி ஆகியவை ஒன்றோடொன்று போட்டியிடுவதைப் போலத் தோன்றும். அவை முறையே சமயம், காலம், ஊடகம் என்ற மூன்று முகங்களுக்கு உரியவை என்று பிரித்தவுடன் போட்டி மறைகிறது. ஒரு நூல் மூன்றுமாக இருப்பதில் முரண் இல்லை என்பது தெளிவாகிறது. எனவே பல்தெரிவு வடிகட்டியைச் சேர்ப்பதற்கு முன் செய்யவேண்டிய உண்மையான பணி, வகைகளை எண்ணுவதைக் காட்டிலும் அவை எந்த முகங்களுக்கு உரியவை என்று ஆராய்வதே ஆகும்.

முகங்கள் பிரிந்த பின்னும், இரண்டு பெட்டிகளில் குறியிடுவதன் பொருள் என்ன என்ற கேள்வி எஞ்சுகிறது. யோகம், மருத்துவம் என்ற இரண்டையும் குறித்தவர், இரண்டில் ஏதேனும் ஒன்றைச் சார்ந்த நூல்களை வேண்டுகிறாரா, இரண்டையும் ஒருங்கே கொண்ட நூல்களை வேண்டுகிறாரா? முன்னது தொகைகளைச் சேர்க்கும் ஒன்றிப்பு. பின்னது பொதுவானவற்றை மட்டும் கொள்ளும் வெட்டு. ஒரே முகத்துக்குள் ஒன்றிப்பும், வெவ்வேறு முகங்களுக்கிடையே வெட்டும் கொள்வது பரவலான வழக்கம். நூல் எழுதப்பட்ட நூற்றாண்டு போன்ற முகத்தில் இதுவே அறிவுடையது. ஒரே நூல் இரண்டு நூற்றாண்டுகளில் எழுந்ததாகப் பதிவாகாத இடத்தில் வெட்டு எப்போதும் வெறுமையையே தரும். துறை போன்ற முகத்திலோ இரண்டு பொருளும் சாத்தியமானவை. அங்கே எது கருதப்படுகிறது என்பதைப் படிவமே சொல்லிவிட வேண்டும், அல்லது தேடுபவரிடம் கேட்க வேண்டும்.

வகைகளின் இந்தக் கணிதத்தை அமைத்துத் தந்த ஜார்ஜ் பூல், 1847இல் வெளியிட்ட நூலில், வகையைக் குறிக்கும் குறியீட்டை மனம் செய்யும் தெரிவுச் செயலாகவே விளக்கினார். மனிதர் என்ற குறியீடு, உள்ளவை அனைத்திலிருந்தும் மனிதரைத் தெரிந்தெடுக்கும் செயலைச் சுட்டும். அதைத் தொடர்ந்து கற்றவர் என்ற குறியீட்டைச் செலுத்தினால், எடுத்தவற்றிலிருந்து மீண்டும் ஒரு தெரிவு நிகழும். ஒரே தெரிவை இருமுறை செய்தாலும் கிடைப்பது ஒன்றே என்ற அவருடைய அடிப்படை விதி இதிலிருந்து பிறக்கிறது. பொருளைப் பற்றிய கூற்றாக இருந்த வகை, பூலின் கையில் தேடுபவரின் செயலாக மாறிவிடுகிறது.

பௌத்தத் தருக்கத்தின் முன்னோடியான திக்நாகர் இதே இடத்தை எதிர்த்திசையிலிருந்து அணுகினார். பொதுமை என்று தனியே ஒன்று இல்லை என்றும், பசு என்ற சொல் பசுவல்லாதவற்றை விலக்குவதன் மூலமே தன் பொருளை உணர்த்துகிறது என்றும் அவர் நிறுவிய கொள்கை அபோகம், அதாவது விலக்கம், எனப்படும். வடிகட்டியின் நடப்பு இக்கொள்கைக்கு மிக அருகில் உள்ளது. எந்தப் பெட்டியிலும் குறியிடாதபோது படிவம் எல்லாவற்றையும் காட்டுகிறது; குறியிடும் முகம் ஒவ்வொன்றும் சிலவற்றை நீக்குகிறது. ஒன்றையும் தெரிவு செய்யாமை ஒன்றும் இன்மையைத் தராமல் முழுமையைத் தருவது, வகைகள் இங்கே விலக்கத்தினால் வேலைசெய்கின்றன என்பதற்குச் சான்றாகும்.

வைசேடிகரும் பௌத்தரும் இருமுனைகளில் நிற்க, சமணர் நடுவழி ஒன்றைக் காட்டினர். அனேகாந்தவாதம், அதாவது பொருள் எண்ணற்ற தன்மைகளை உடையது என்னும் கொள்கை, ஒவ்வொரு கூற்றும் ஒரு நயத்திலிருந்து, அதாவது ஒரு நோக்குநிலையிலிருந்து, உண்மையாகிறது என்று கூறுகிறது. நிலைத்திருக்கும் திரவியத்தை நோக்கும் நயமும், மாறிவரும் அதன் பரியாயங்களை, அதாவது நிலைகளை, நோக்கும் நயமும் ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு விடை தரலாம். ஒரு நயம் மற்றதை முற்றாக மறுக்கும்போதுதான் பிழை தோன்றுகிறது. இக்கொள்கையை எதைச் சொன்னாலும் சரியே என்பதாகக் கொள்வது தவறு. பொருளில் அத்தன்மை இருந்தால்தான் அந்நோக்கு மெய்யாகும். வகை பொருளில் உள்ளதா, நோக்கில் உள்ளதா என்ற இரண்டாம் கேள்விக்கு ஏற்புடைய விடை இங்கே கிடைக்கிறது: தன்மைகள் பொருளுடையவை, அவற்றுள் எதை முன்னிறுத்துவது என்பது கேட்பவருடையது. பல்தெரிவு வடிகட்டி சிறந்து அமையும்போது இவ்விரண்டையும் மதிக்கிறது.

எஞ்சிய மூன்றாம் கேள்வியே மிகவும் பாரதூரமானது. பல பெட்டிகளில் குறியிட்ட ஒருவருக்கு, முடிவுகள் எவையும் இல்லை என்ற விடை வரும்போது அவர் எதை அறிந்துகொண்டார்? இன்மையை அறிவது எப்படி என்பது இந்தியத் தருக்கத்தின் பெருவிவாதங்களுள் ஒன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில் பேசப்படும் அளவைகளுள், அதாவது அறிவைப் பெறும் வழிகளுள், அபாவமும் ஒன்று. குமாரில பட்டரின் மீமாம்சையும் அத்வைதமும் அனுபலப்தி, அதாவது காணாமை, என்பதைத் தனி அளவையாகவே கொண்டன. நியாயத்தார் காட்சிக்கு உதவும் துணையாக அதை ஏற்றனர். ஆயினும் வெறும் காணாமை இன்மையை நிறுவாது என்பதில் அவர்களிடையே உடன்பாடு இருந்தது. இருந்திருந்தால் கட்டாயம் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க சூழலில் நிகழும் காணாமை மட்டுமே சான்றாகும். வெளிச்சமுள்ள அறையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் அவ்வாறு சொல்ல உரிமையில்லை.

தேடல் படிவத்துக்கு இந்த நிபந்தனை அப்படியே பொருந்துகிறது. ஒரு நூலுக்கு வகை குறிக்கப்படவே இல்லையென்றால், அல்லது மூன்று வகைகளுக்கு உரிய நூலுக்கு ஒன்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், வெட்டு முறையில் தேடும் எவர் கண்ணிலும் அது படாது. பதிவு முழுமையாக இருக்கும்போதுதான் முடிவுகள் இல்லை என்ற விடை இன்மையை அறிவிக்கும். பதிவு குறைபட்டிருக்கும்போது அது பதிவாளரின் கவனமின்மையை அறிவிக்கிறது, ஆனால் இன்மையின் குரலிலேயே அறிவிக்கிறது. தெரிவுகள் பெருகப் பெருக இந்த இடர் பெருகும், ஏனெனில் ஒவ்வொரு முகத்திலும் உள்ள ஒவ்வொரு விடுபடலும் வெட்டின் போது ஒன்றுசேர்ந்து செயற்படுகிறது. நுணுக்கமாகத் தேடும் வாசகரே விடுபட்ட பதிவுகளால் மிகுதியாக ஏமாற்றப்படுகிறார்.

வகைப்படுத்தப்படுவன நூல்களாக இல்லாமல் மனிதர்களாக இருக்கும்போது இக்கேள்விகள் அறநெறிக் கேள்விகளாகின்றன. ஜப்பானில் ஷின்டோ, பௌத்த அமைப்புகள் அரசுக்குத் தெரிவிக்கும் உறுப்பினர் எண்ணிக்கைகளைக் கூட்டினால், அது நாட்டின் மக்கள்தொகையை மிஞ்சுவது நெடுங்காலமாகவே அறியப்பட்டது. பிறப்புச் சடங்குக்கு ஒரு மரபையும் இறுதிச் சடங்குக்கு மற்றொரு மரபையும் நாடும் மக்களிடம் ஒரே ஒரு சமயத்தைக் குறிக்கச் சொல்வதே பொருந்தாத கேள்வி என்பதை அந்தக் கூட்டுத்தொகை உணர்த்துகிறது. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிப் பேராலயத்துக்கும் நேர்ந்துகொண்டு செல்லும் இந்துக் குடும்பங்களின் வழிபாட்டையும் ஒற்றைத் தெரிவுப் படிவம் பதிவு செய்வதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்க முதன்முறையாக இடம் தரப்பட்டது. அதுவரை ஒரு பெற்றோரை மறுத்தே மற்றவரைப் பதியவேண்டிய நிலை பலருக்கு இருந்தது.

எனினும் மனிதரைப் பொறுத்தவரை தெரிவுகளின் பெருக்கம் நன்மையை மட்டுமே தருவதில்லை. பல முகங்களின் வெட்டு நூலைக் கண்டடைய உதவுவது போலவே, சமயம், சாதி, ஊர், தொழில் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செலுத்தி, ஒரு தனிமனிதரைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கவும் உதவும். நூல் தேடப்படுவதையே விரும்பும். மனிதருக்குத் தேடப்படாமல் இருக்கும் உரிமையும் உண்டு. ஆகவே ஒருவர் தம்மைப் பல வகைகளில் குறித்துக்கொள்ள இடமளிப்பதும், பிறர் அவரைப் பல வகைகளால் வடிகட்டி எடுக்க இடமளிப்பதும் ஒரே தொழில்நுட்பத்தின் இரண்டு பயன்கள் என்றாலும், முதலாவது மதிப்பையும் இரண்டாவது அச்சத்தையும் பிறப்பிக்க வல்லவை. அவற்றை ஒன்றெனக் கருதுவது பெரும் தவறாகும்.

இவ்வாராய்ச்சியிலிருந்து வகைப்படுத்துபவரின் கடமைகள் தெளிவாகின்றன. வகைகளைப் பொருளின் இறுதி இயல்பு என்று கொள்ளாமல், தேடலுக்குத் துணைசெய்யும் உபாதிகளாகக் கொண்டு, அவற்றைத் திருத்தவும் சேர்க்கவும் அவர் ஆயத்தமாக இருக்கவேண்டும். குறிக்கப்பட்ட தெரிவுகள் எவ்வாறு இணைக்கப்படுகின்றன என்பதைத் தேடுபவர் ஊகிக்கும்படி விடாமல் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். வகைப்படுத்தப்படாதவை என்று ஒரு தெரிவை வைத்து, தம் உழைப்பு எட்டாத இடம் எது என்பதைக் காட்டவேண்டும். வெறுமையான விடை வரும்போது எந்தத் தெரிவை நீக்கினால் எத்தனை முடிவுகள் கிடைக்கும் என்பதையும் உடன் தெரிவிக்கவேண்டும். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மூன்றாவது. அவ்விதி வாசகரின் தேவையைப் பேசுவதோடு நில்லாமல், கண்டடையப்படுவதற்கு நூலுக்குள்ள உரிமையையும் நிலைநாட்டுகிறது. ஒரு பொருளைப் பல வகைகளில் பதிவதும், பதிவின் குறையை மறைக்காமல் சொல்வதும் அந்த உரிமைக்குச் செலுத்தப்படும் கடன். இக்கடனைச் செலுத்தாத படிவம் எத்தனை பெட்டிகளைக் கொண்டிருந்தாலும், இருப்பதை இல்லை என்று சொல்லும் பொய்ச்சான்றாகவே நிற்கும்.